ட்ரிப் சுவிட்ச் விழுகிறது, சுவர் ஊறுகிறது: பாஸைக் கூப்பிட முன் என்ன பார்க்கலாம்?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் பழைய தொடர்மாடி ஒன்று, அதில் மேல்தட்டு வீடு. குளிக்க ஹீட்டரைப் போட்டால் சில நாள் வீடு முழுக்கக் கரண்ட் போகிறது, சில நாள் தண்ணீர் சூடே ஆவதில்லை. படுக்கையறைச் சுவரும் ஊறிப் பெயின்ட் கொப்பளிக்கிறது. வந்து பார்த்த பாஸ் (வீடு திருத்தும் வேலைக்காரர்) ஒருவர் கால்மணி நேரம் நின்றுவிட்டு, வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும், பாத்ரூம் தளத்தையும் உடைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன் நாமாகப் பார்க்க ஏதும் உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. கொழும்புத் தொடர்மாடிகளில் பராமரிப்பு வேலை பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. பாஸ்மார் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அவர்கள் பார்ப்பது அந்தக் கால்மணி நேரத்தை மட்டும். பழுது அந்த நேரத்தில் வெளியே வராவிட்டால் ஊகத்தில்தான் சொல்ல வேண்டும், ஊகத்தில் சொல்கிறவர் எப்போதும் பெரிய வேலையைத்தான் சொல்வார். நீங்களோ அந்த வீட்டில் இரவும் பகலும் இருக்கிறீர்கள். ‘எப்போது’ என்ற கேள்விக்குப் பதில் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. ஆகவே பிரேக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், மழையா வெயிலா, அந்த நேரம் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதுங்கள். பத்து நாளில் அந்தத் தாளே பாதி வேலையை முடித்துவிடும்.

ஆனால் ஒரு விஷயத்துக்குப் பத்து நாள் காத்திருக்கக் கூடாது. குளிக்கும்போது ஷவரைத் தொட்டால், அல்லது தண்ணீர் படும்போது, உடம்பில் ‘சுர்’ என்று லேசாக ஏறுகிறதா? அப்படியென்றால் ஹீட்டர் பிரேக்கரை இறக்கி, அதன்மேல் டேப் ஒட்டி வையுங்கள். கரண்ட் கசிகிறது, அதை நிலத்துக்கு இறக்கும் எர்த் இணைப்பும் விட்டுப்போயிருக்கிறது என்பதன் அடையாளம் அது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வாயால் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், டேப்பை ஒட்டுங்கள்.

சரி, கரண்ட் விஷயம். முதலில் விழுவது எது என்று பாருங்கள். பெட்டிக்குள் அகலமாக, T என்று போட்ட சின்னப் பொத்தானோடு இருப்பது ட்ரிப் சுவிட்ச். வரிசையாக ஒடுங்கலாக இருப்பவை பிரேக்கர்கள். பிரேக்கர் விழுந்தால் அந்த லைனில் பளு கூடிவிட்டது, இல்லையேல் ஷோர்ட், அதாவது வயர்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் கதை வேறு. லைவில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். கணக்கில் குறைந்தால், எங்கோ கசிந்து எர்த்துக்குப் போகிறது என்று அர்த்தம். போகும் வழி எர்த் வயராக இருக்கலாம், ஈரச் சுவராக இருக்கலாம், உங்கள் கையாகவும் இருக்கலாம். வீட்டுக்குப் போடுவதில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 15க்குக் கீழே அது விழக்கூடாது, 30இல் கட்டாயம் விழ வேண்டும், இடையில் எங்கேயும் விழலாம்.

இந்த இடைவெளிதான் பலரைக் குழப்புகிறது. பிரிட்ஜ், கணினி, வாஷிங் மெஷின் எல்லாமே நல்ல நிலையில் இருந்தாலும் ஆளுக்கு ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் எர்த்துக்கு விடும். நம் வீடுகளில் பெரும்பாலும் வீடு முழுவதுக்கும் ஒரே ட்ரிப் சுவிட்ச்தான். ஏற்கெனவே பத்து, பன்னிரண்டு கசிந்துகொண்டிருக்கும்போது, பாதி கெட்ட ஹீட்டர் இன்னொரு பத்தைச் சேர்த்தால் விழுந்துவிடும். வாஷிங் மெஷின் ஓடாத நாளில் அதே ஹீட்டர் ஒரு சத்தமும் போடாது. ‘சில நாள் விழுகிறது, சில நாள் இல்லை’ என்று நீங்கள் எழுதியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

எங்கே கசிகிறது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. கணினியை ஒழுங்காக அணைத்துவிட்டு எல்லாப் பிரேக்கர்களையும் இறக்குங்கள். ட்ரிப் சுவிட்சை ஏற்றுங்கள். நின்றால், பிரேக்கர்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் விட்டு ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைன்தான். அந்த லைனில் உள்ள பிளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டுத் திரும்பவும் ஏற்றுங்கள். நின்றுவிட்டால் பழுது ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது, வயரிங்கில் இல்லை. பிளக்கைக் கழற்றத்தான் வேண்டும், சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் வெட்டுவது பொதுவாக லைவை மட்டும், நியூட்ரல் தொட்டபடியே இருக்கும்.

எல்லாப் பிரேக்கரும் கீழே இருக்கும்போதே ட்ரிப் சுவிட்ச் நிற்க மறுக்கிறதா? உடனே அது பழுது என்று முடிவு கட்டிப் புதியது வாங்க ஓடாதீர்கள். சாதாரண பிரேக்கரும் லைவை மட்டும்தான் வெட்டும். எங்காவது நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிரேக்கர்கள் இறங்கியிருந்தாலும் ட்ரிப் சுவிட்ச் விழலாம். இதைத் தேட நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், அது எலெக்ட்ரீஷியன் வேலை. ஆனால் “பிரேக்கர் எல்லாம் இறக்கியும் நிற்கவில்லை, நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறதா பாருங்கள்” என்று சொல்லிப் பாருங்கள், அவர் பேச்சே மாறும்.

தாளில் நேரம் எழுதச் சொன்னேனே, அதற்கு ஒரு உதாரணம். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் கரண்ட் பொழுது படும் நேரத்தில் மட்டும் போகும், அதுவும் மழைக்காலத்தில். மூன்று பேர் வந்து மூன்று விதமாகச் சொன்னார்கள். வீட்டுக்கார அம்மா எழுதி வைத்திருந்த நேரங்களைப் பார்த்தால் ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில்தான் எல்லாம். அந்த நேரத்தில் அங்கே புதிதாக எரிவது கேற் லைட் ஒன்றுதான். மூடியைக் கழற்றினால் உள்ளே எறும்புப் புற்றும் காய்ந்த பல்லி ஒன்றும். வெயில் காலத்தில் புற்று காய்ந்து கிடக்கும், மழையில் ஈரமானதும் கரண்ட் கசியும். ஒரு தூரிகையும் புது ரப்பர் வாஷரும் போதுமாக இருந்தன.

இனி உங்கள் ஹீட்டர். வெந்நீர் எலமென்ட் என்பது உலோகக் குழாய்க்குள் ஒரு கம்பிச் சுருள், இரண்டுக்கும் நடுவே வெள்ளைத் தூள். குழாயில் மயிரிழை வெடிப்பு வந்தால் தண்ணீர் தூளுக்குள் இறங்கிக் கரண்ட் குழாய்க்குக் கசியும். பிரேக்கரை இறக்கி, டெஸ்டரால் பார்த்து, மல்டிமீட்டராலும் உறுதி செய்த பிறகு எலமென்டின் இரு முனைகளையும் கழற்றி அளக்கலாம். 3.5 கிலோவாட் எலமென்ட் என்றால் 15 ஓம் அளவில் காட்ட வேண்டும், தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் 2 கிலோவாட் கீசர் என்றால் 26 ஓம் அளவில். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. பிறகு ஒரு முனைக்கும் உடலுக்கும் இடையில் அளங்கள், அங்கே ஒன்றுமே காட்டக் கூடாது. காட்டினால் எலமென்ட் போய்விட்டது. ஆனால் எலமென்ட் நல்லது என்று மல்டிமீட்டர் சொன்னாலும் முழுக்க நம்ப முடியாது, அது சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. 500 வோல்ட்டில் கசிவைச் சோதிக்கும் மெகர் என்ற கருவி வைத்திருக்கிற எலெக்ட்ரீஷியன்தான் கடைசித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வந்தவரிடம் மெகர் இருக்கிறதா என்று கேளுங்கள். மெகர் வைக்காமல் ‘வயரிங் முழுக்கப் போய்விட்டது’ என்பவரை நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று. 3.5 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் இழுப்பது 15 ஆம்பியருக்கு மேல். அதை 13 ஆம்பியர் பிளக்கில் செருகி வைத்திருக்கும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன். பிளக் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் உருகும். ஹீட்டருக்குத் தனி லைன், தனி பிரேக்கர், குளிக்கும் இடத்திலிருந்து எட்டாத, லைவையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் இரட்டைத் துண்டிப்பு சுவிட்ச், இந்த மூன்றும் வேண்டும்.

தண்ணீர் சூடாகாத நாள்களுக்கு வேறு காரணம் இருக்கலாம், நீங்கள் மேல்தட்டு என்பதால் எனக்கு அதில்தான் சந்தேகம். தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் உடனடி ஹீட்டர்களுக்குள் ஒரு சின்ன ஃப்ளோ சுவிட்ச் உண்டு. போதிய வேகத்தில் தண்ணீர் ஓடினால்தான் அது எலமென்டுக்குக் கரண்ட் விடும். தண்ணீர்த் தாங்கி ஷவருக்கு 10 மீற்றர் மேலே இருந்தால் 1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்களுக்குத் தாங்கி தலைக்கு மேலே இரண்டு, மூன்று மீற்றரில்தான் இருக்கும், கிடைப்பது 0.2 அல்லது 0.3 பார். தாங்கி நிரம்பியிருக்கும் காலையில் ஹீட்டர் வேலை செய்யும், பாதியாகிவிட்ட இரவில் செய்யாது. முதலில் ஷவர் தலையைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்துத் துளைகளைத் துப்பரவு செய்யுங்கள், ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்து வலையையும் எடுத்துக் கழுவுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஒரு சின்னப் பிரஷர் பம்ப் போட வேண்டியதுதான். ஹீட்டரை மாற்றுவதால் பயனில்லை.

கொழும்புத் தண்ணீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. மென்மையான நீர். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரில் எலமென்ட் மேல் வெள்ளை ஓடு கட்டிச் சாவது போல இங்கே சாகாது. ஊரிலிருந்து வந்தவர்கள் கொழும்பிலும் அதையே தேடுவார்கள். இங்கே பெரும்பாலும் துருவும் உப்புக்காற்றும்தான்.

நுவரெலியாவில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். கொழும்பில் குழாய்த் தண்ணீர் 28 பாகை அளவில் வருகிறது, இதமாகக் குளிக்க 10 பாகை ஏற்றினால் போதும். 3.5 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 5 லீற்றரை அப்படி ஏற்றும். அங்கே குளிர்ந்த நீரை 25 பாகை ஏற்ற வேண்டுமென்றால் அதே ஹீட்டர் தருவது 2 லீற்றர்தான், நூல் போல. கடைக்காரரோடு சண்டை போட்டுப் பலனில்லை. ரொறன்ரோவிலிருக்கும் என் மருமகன் ஒரு தை மாதத்தில் ‘மாமா, வீடு சூடாகவில்லை’ என்று போன் எடுத்தான். நான் கேட்டதும் இதே கேள்விதான்: எப்போது நின்றது, அதற்கு முன் என்ன சத்தம் கேட்டது? வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் ஊதுகிற சூடான காற்று போனவாரத்திலிருந்து மெல்ல மெல்லக் குறைந்ததாம். காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தான், கம்பளி போலத் தூசு. காற்றோட்டம் அடைபட்டு, சூடு கூடிப் பாதுகாப்புச் சுவிட்ச் அணைத்திருக்கிறது. அது குளிர் நாட்டுச் சங்கதி, ஆனால் தேடும் முறை ஒன்றுதான்.

இப்போது சுவர். ஒரு பென்சிலை எடுத்து, ஊறிய இடத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, அதில் திகதி எழுதுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பார்த்து, வளர்ந்திருந்தால் புதுக் கோடு போடுங்கள். சிரிக்க வேண்டாம், நான் பழகியதில் இதைவிட நல்ல கருவி கிடையாது.

உங்கள் பக்கத்திலேயே ஒரு தொடர்மாடியில் இரண்டாம் மாடிக்காரருக்கும் மூன்றாம் மாடி அன்ரிக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. கீழ்வீட்டுச் சுவர் ஊறுகிறது, மேல்வீட்டுப் பாத்ரூம்தான் காரணம் என்று இவர் சொல்ல, உடைக்க விடமாட்டேன் என்று அன்ரி நிற்க, விஷயம் சட்டத்தரணி வரை போகும் நிலை. நான் கோடு போடச் சொன்னேன். ஐப்பசி மாதம், விடாத மழை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கோடு அசையவில்லை. ஞாயிறு காலை பார்த்தால் ஒரு கை அகலத்துக்குப் புது ஈரம். அடுத்த ஞாயிறும் அதே கதை. சனி இரவில் அந்தக் கீழ்வீட்டில் அப்படி என்ன நடக்கிறது? கம்பஸில் படிக்கும் மகன் வார இறுதியில் மட்டும் வருவான், அவன் வந்தால்தான் அந்த அறையில் ஏசி போடுவார்கள், கரண்ட் பில்லுக்குப் பயந்து. ஏசியின் தட்டில் ஒரு கப் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வெளியே குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீர் வெளியேறும் குழாய் பாசி பிடித்து அடைத்து, சுவருக்குள்ளே ஒரு மூட்டில் கழன்றும் இருந்தது. சைக்கிள் பம்பால் ஊதி அடைப்பை எடுத்து, சுவர்க் குழாயை அப்படியே கைவிட்டு வெளிப்பக்கமாகப் புதுக் குழாய் இழுத்தோம். அன்ரியின் பாத்ரூமுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் இன்னும் இவரோடு பேசுவதில்லை, அது வேறு விஷயம்.

ஆகவே கோடு எப்போது நகர்கிறது என்று பாருங்கள். மழையோடு நகர்ந்தால் கூரைச் சிலாப், ஜன்னல் ஓரம், வெளிச்சுவர் வெடிப்பு. மழையும் வெயிலும் பாராமல் ஒரே சீராக வளர்ந்தால் அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர்க் குழாய். குளித்த பிறகு மட்டும் என்றால் கழிவு நீர்க் குழாய் அல்லது டைல் இடுக்கு. குழாய்தானா என்று அறிய, இரவு படுக்கும் முன் எல்லாப் பைப்பையும் மூடி, வீட்டுக்குரிய மீற்றரைப் படம் எடுங்கள், காலையில் யாரும் பைப்பைத் திறக்க முன் இன்னொரு படம். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஓடுகிறது. மீற்றருக்கும் வீட்டுக்கும் நடுவே பொதுத் தாங்கி இருந்தால் இது சரிவராது, அங்கே உங்கள் வீட்டு வால்வை ஒரு நாள் மூடிவைத்துப் பாருங்கள். சுவரைச் சந்தேகிக்க முன் கொமட் தாங்கிக்குள் கொஞ்சம் கேசரிப் பவுடரைப் போடுங்கள். அரைமணி நேரத்தில் தண்ணீர் விடாமலே கீழே நிறம் தெரிந்தால் மீற்றரைச் சுற்றவைத்தது அந்தத் தாங்கிக்குள் இருக்கிற வாஷர்தான். தெருவில் மீற்றருக்கு முன்னால் கசிந்தால் அது நீர்வழங்கல் சபையின் பொறுப்பு, 1939க்கு அழையுங்கள்.

வெளியிலிருந்து தண்ணீரே வராமலும் சுவர் நனையும். கொழும்புக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோத்துவிடும். ஏசியை 18இல் வைத்துத் தூங்கினால், அந்த அறைச் சுவரின் மறுபக்கம், ஏசி இல்லாத அறையில், வியர்க்கும். அங்கே அலுமாரியை ஒட்டி வைத்திருந்தால் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். சோதனை எளிது: அரை முழம் சதுரத்துக்கு அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஈரம் தாளின் வெளிமுகத்தில் என்றால் காற்றிலிருந்து, தாளுக்கு உள்ளே என்றால் சுவரிலிருந்து. காற்று என்றால் ஏசியை 25, 26க்கு ஏற்றி, அலுமாரியை ஒரு சாண் நகர்த்துங்கள், அவ்வளவுதான்.

மேல்தட்டு என்பதால் உங்களுக்கு மொட்டைமாடியும் ஒரு சந்தேகநபர். முகாமைத்துவக் குழுவிடம் சொல்லிவிட்டு ஏறிப் பாருங்கள், அது பொதுச்சொத்து. சிலாப்பின் நடுவில் வெடிப்புத் தேடாதீர்கள். பெரும்பாலும் ஒழுகுவது கைப்பிடிச் சுவர் சிலாப்போடு சேரும் மூலையிலும், குழாய் துளைத்து இறங்கும் இடத்திலும், தண்ணீர் வடியும் வாயைச் சுற்றியும்தான். வடிவாயில் அடைத்த இலையை எடுத்ததோடு ‘ஒழுக்கு’ நின்ற கட்டடங்களும் உண்டு. வோட்டர்புரூஃப் பூசுவதென்றால் தை, மாசியில், காய்ந்த நாள்களில், மூலைகளில் நார்வலை வைத்து, இரண்டு கோட் குறுக்கும் நெடுக்குமாகப் பூசுங்கள். உள்ளிருந்து சுவருக்குப் பெயின்ட் அடிப்பது தண்ணீரை மறைக்குமே தவிர நிறுத்தாது. அடித்தவருக்கு அடுத்த வருடமும் வேலை கிடைக்கும். உங்கள் கட்டடத்தின் ஒரு பகுதி அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதில் ஏறி மிதிக்கவும் வேண்டாம், உலர்ந்தபடி துளைக்கவும் வேண்டாம். உடைந்தால் கீழே விழுவீர்கள், தூசு நுரையீரலுக்குப் போகும்.

கடலோரம் என்பதால் இதையும் சொல்லத்தான் வேண்டும். உள்கூரையில் நேர்கோடாகத் துருநிறக் கறை தெரிகிறதா, தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கிறதா? உப்பு ஈரம் கம்பிவரை போய்விட்டது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதுதான் கொங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. மேலே சீமெந்து பூசி மறைத்தால் உள்ளே அரிப்பு தொடரும், ஒருநாள் கட்டியாக விழும். அதன் கீழே கட்டில் இருந்தால் இன்றே நகர்த்திவிட்டு, கட்டடப் பொறியியலாளர் ஒருவருக்குக் காட்டுங்கள். நீங்களோ நானோ பாஸோ முடிவெடுக்கிற விஷயம் இல்லை.

சாமான் வாங்கப் பழைய சோனகத் தெருப் பக்கம் போவதென்றால் கழற்றிய பழைய வாஷரையோ எலமென்டையோ கையோடு கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் மூன்று கடை ஏற வேண்டி வரும், பொருளைக் காட்டினால் முதல் கடையிலேயே முடிந்துவிடும்.

இதையெல்லாம் தொடங்க முன், இன்று பகல் வெளிச்சத்தில் அந்த T பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். ட்ரிப் சுவிட்ச் ‘டக்’ என்று விழ வேண்டும். விழாவிட்டால் மற்றதெல்லாம் பிறகு. அதை மாற்றும்வரை ஹீட்டரைத் தொடாமல், குளிக்க அடுப்பில் ஒரு கேத்தில் தண்ணீர் வையுங்கள்.